வானேறிய பயறும் கரிசல் நிலமும்

(தாயில்பட்டியில் உழவர்களும் பட்டாசுத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



வாணம் செய்கின்ற ஊருக்கு வந்து விண்கலத்தைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. குழாய்க்குள் மருந்தை இறுக்கிச் செலுத்தித் திரி வைத்துக் கொளுத்தினால் வாணம் ஏன் மேலேறுகின்றது என்பதை இவ்வூர்ச் சிறுவனும் அறிவான். தீயும் புகையும் கீழ்நோக்கிப் பீறிட, வாணம் மேல்நோக்கிப் பாய்கின்றது. திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் நம் அறிவியலாளர்கள் ஆய்ந்து பார்க்கின்ற மாபெரும் உந்துபொறிகளுக்கும் இதுவே அடிப்படை. அளவு வேறு, நுட்பம் வேறு, நெறி ஒன்றே. ஆகலின் உங்களுக்கு அறிமுகமான பொருளைப் பற்றித்தான் பேச வந்திருக்கின்றேன். ஆனால் இன்று நான் பேசப்போவது வாணத்தைப் பற்றியன்று; அவ்வாணத்தில் ஏறிச்சென்ற ஒரு பிடி விதையைப் பற்றி.

2024 திசம்பர் 30ஆம் நாள் இரவு, சிறீஅரிக்கோட்டாவிலிருந்து பி.எசு.எல்.வி. சி-60 என்னும் ஏவூர்தி புறப்பட்டது. இரண்டு செயற்கை நிலவுகளை விண்ணில் ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பதே அப்பயணத்தின் முதல் நோக்கம். செயற்கை நிலவுகளை இறக்கிவிட்ட பின்னும் அவ்வூர்தியின் நான்காம் கட்டம் ஞாலத்தைச் சுற்றிக்கொண்டேயிருந்தது. முன்னெல்லாம் குப்பையாகக் கழிந்த அப்பகுதியை, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இப்பொழுது ஆய்வு மேடையாகப் பயன்படுத்துகின்றது. அம்மேடையில் இருந்த கருவிகள் இருபத்து நான்கு. அவற்றுள் ஒன்று திருவனந்தபுரத்து விக்கிரம் சாராபாய் விண்வெளி நடுவம் ஆக்கிய ஒரு சிறு பேழை. அப்பேழைக்குள் இருந்தவை எட்டு விதைகள். என்ன விதைகள்? நெல்லா? கோதுமையா? இரண்டும் இல்லை. நம் கரிசற்காட்டுத் தட்டைப்பயறு!

அப்பேழை எவ்வாறு அமைந்திருந்தது என்று கேளுங்கள். நுண்துளை மிக்க களிமண் உருண்டைகளே அதன் மண். சிறிது சிறிதாகக் கரைகின்ற உரம் அவற்றோடு கலந்திருந்தது. கீழிருந்து அறிவியலாளர் கட்டளையிட, அடைப்பிதழ் திறந்து நீர் கசிந்தது. பதினாறு மணிநேரம் விளக்கொளி; எட்டு மணிநேரம் இருள். உயிர்வளி, கரிவளி, ஈரம், வெப்பம் ஆகியவற்றைக் கருவிகள் அளந்துகொண்டிருந்தன. நான்கு நாள்களில் விதைகள் முளைத்தன. 2025 சனவரி முதற் கிழமையிலேயே இலைகளும் விரிந்தன. கேட்டபோது எனக்கு நினைவு வந்தது நம் தாய்மாரின் முளைப்பாரியே! இருண்ட அறையில், மண்ணும் எருவும் இட்ட ஓட்டில், பயறுகளைத் தூவி, நாளும் நீர் தெளித்து, எவ்விதை எப்படி முளைக்கின்றது என்று பார்த்து, குலவையிட்டு எடுத்துச் செல்கின்றார்களே, அதில் வழிபாடு மட்டுமா இருக்கின்றது? விதையின் உயிர்ப்பை அறியும் ஆய்வும் இருக்கின்றது. வானத்தில் வைத்த முளைப்பாரி அந்தப் பேழை.

ஆனால் ஓர் உண்மையை மறைக்கலாகாது. அந்த எட்டு முளைகளும் நிலத்திற்கு மீளவில்லை. அவற்றைச் சுமந்த மேடை 2025 ஏப்பிரல் 4ஆம் நாள் காற்று மண்டலத்தில் நுழைந்து அழிந்தது. விண்ணில் நெடுநாள் தங்கும் வீரர்க்கு அங்கேயே உணவு விளைக்க இயலுமா என்பதை அறிவதே அவ்வாய்வின் நோக்கம். "விண்ணில் இருப்பவனுக்குக் கீரை முளைத்தால் வெம்பக்கோட்டையில் இருப்பவனுக்கு என்ன ஆயிற்று?" என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் கேட்க நினைப்பது என் செவியில் விழுகின்றது. அது முறையான கேள்வி. அதற்கு விடை சொல்லவே இவ்வுரை.

விண்ணில் பயிர் வளர்ப்பது ஒன்று. விண்ணுக்கு விதையை அனுப்பி மீட்டு, அதனின்று மண்ணுக்கேற்ற புதிய வகையைத் தெரிந்தெடுப்பது மற்றொன்று. முன்னது அவர்களுக்கு, பின்னது நமக்கு. இந்தப் பின்னதைத்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டும். அதிலும் தாயில்பட்டி அறிந்துகொள்ள வேண்டும். ஏன் தாயில்பட்டி? சொல்கின்றேன்.

1923ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்யநாடார், சண்முகநாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அத்தொழிலின் வழியே பட்டாசும், பட்டாசின் மேலுறையிலிருந்து அச்சுத்தொழிலும் இங்கு வளர்ந்தன. மருந்து உலர வறண்ட காற்று வேண்டும். மழை குறைந்த வானம் வேண்டும். இரண்டும் இங்கே இருந்தன. எந்த வறட்சி பட்டாசுக்குத் துணையாயிற்றோ அதே வறட்சி பயிருக்குப் பகையாயிற்று. நிலம் கைவிட்டபோது நம் மக்கள் வெடிக்கொட்டகைக்குச் சென்றனர். விருப்பத்தினாலா? அன்று, வேறு வழியின்மையால்! 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகினர். 2021 பிப்பிரவரி 12ஆம் நாள் அச்சன்குளத்தில் இருபதுபேர் அளவில் மாண்டனர். இவ்வூரும் அத்துயரை அறியும். 2018-இல் உச்சநீதிமன்றம் பேரிய உப்பைத் தடுத்துப் பசுமைப் பட்டாசையே செய்யுமாறு தீர்ப்புரைத்த பின், உள்ள வேலையும் உறுதியில்லாததாயிற்று. தொழிலைப் பழிக்க நான் வரவில்லை. அத்தொழிலால் உலை கொதித்த வீடுகள் எத்தனையோ! ஆனால் ஒருவன் உயிருக்கு இடரான வேலையை மறுத்து நிற்க வேண்டுமானால், அவன் நிலம் அவனுக்குச் சோறு போட வேண்டும். நிலம் சோறு போடாத இடத்தில் உரிமை பேசுவது வெறும் பேச்சு.

நிலம் ஏன் சோறு போடவில்லை? மழை மட்டுமே கரணியம் என்றால், மழை குறைவு இங்குப் புதிதன்று. இம்மாவட்டத்திற்கு ஆண்டில் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசியில் புழுதியில் விதைத்து வானத்தைப் பார்த்திருப்பது நம் முன்னோர் வழக்கம். இப்பொழுது மழையின் ஒழுங்கே குலைந்துவிட்டது. 2016-இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலம் முழுமையும் வறட்சியுற்றதாக அரசு அறிவித்தது. அதன்பின் 2023 திசம்பரில் என்ன நேர்ந்தது? நம் அண்டை மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது! நம் மாவட்டத்துக்கு ஓராண்டில் பெய்யும் மழையினும் மிகுதி அங்கே ஒரு பகலிரவில்! காய்ந்தும் கெடுக்கின்றது, பெய்தும் கெடுக்கின்றது. வான்சிறப்புக்கும் உழவுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். அவ்விரண்டையும் இணைத்துப் படிக்க வேண்டிய காலம் இது.

இத்தகைய வானத்தின்கீழ் வாழவேண்டிய பயிர் எத்தகையதாக இருத்தல் வேண்டும்? வேர் ஆழச் செல்ல வேண்டும். குறுகிய நாளில் காய்க்க வேண்டும். பூக்கும் பருவத்தில் இருபது நாள் மழை தவறினாலும் பூ உதிராமை வேண்டும். திடுமென நீர் தேங்கினாலும் வேர் அழுகாமை வேண்டும். நோயைத் தாங்க வேண்டும். தட்டைப்பயற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆப்பிரிக்க மண்ணில் தோன்றி, நெடுங்காலத்துக்கு முன்பே நம் மண்ணுக்கு வந்து நம்முடையதாகிவிட்ட பயிர். வறட்சியை ஓரளவு தாங்கும். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகளின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே ஈர்த்து மண்ணுக்கும் உரம் சேர்க்கும். பயற்றில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு புரதம். ஏழையின் இறைச்சி அது. அதன் நற்பண்புகளை இன்னும் ஒருபடி உயர்த்த முடியுமானால், கரிசற்காட்டுப் பிள்ளைகளின் தட்டில் அது தெரியும்.

பயிரின் பண்பை உயர்த்துவது புதிய கலையன்று. தினையும் வரகும் அவரையும் கொள்ளும் சங்கப் பாடல்களில் பேசப்படுகின்றன. அவையெல்லாம் காட்டுப்புல்லாகவும் காட்டுக்கொடியாகவும் இருந்தவற்றினின்று, பல நூறு தலைமுறை உழவர் தெரிந்தெடுத்தவை. என் அப்பத்தா தட்டைப்பயற்றுக்குச் செம்மண் பூசிக் காயவைத்துக் குலுக்கையில் இட்டுவைப்பாள். எல்லாச் செடியிலிருந்தும் விதை எடுக்கமாட்டாள். காய்ந்த காட்டில் எந்தச் செடி கடைசிவரை பச்சையாக நின்றதோ அதற்கு ஒரு துணி கட்டி அடையாளம் செய்வாள். அதன் காயைத்தான் விதைக்கு ஒதுக்குவாள். அவள் பள்ளி சென்றவள் அல்லள். ஆனால் பயிர்வளர்ப்பு அறிவியலின் முதற்பாடம் அவள் கையில் இருந்தது. அப்பாடம் இதுதான்: வேறுபாடு இருந்தால்தான் தெரிந்தெடுக்க முடியும். ஆயிரம் செடியும் ஒன்றுபோலவே வாடுமானால் எதற்குத் துணி கட்டுவது?

அவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது? சிவகாசி அச்சுத்தொழிலின் ஊர். ஆகலின் அச்சகத்தையே எடுத்துக்காட்டாகக் கூறுகின்றேன். ஒவ்வொரு விதைக்குள்ளும் அப்பயிரை எவ்வாறு ஆக்க வேண்டும் என்னும் நீண்டதொரு பாடம் கோக்கப்பட்டிருக்கின்றது. அதனை மரபணு என்கின்றோம். விதை தோறும் அப்பாடம் படியெடுக்கப்படுகின்றது. படியெடுக்கும்போது எங்கேனும் ஓர் எழுத்து மாறிவிடுவதுண்டு. அச்சுப்பிழை பெரும்பாலும் பொருளைக் கெடுக்கும். சிலபோது ஒன்றும் ஆகாது. மிக அரிதாக, பிழையே முன்னையதினும் நல்ல பொருளைத் தந்துவிடும். இயற்கையில் அவ்வரிய பிழைக்காக நூறாண்டும் காத்திருக்க நேரும். அப்பிழைகளை மிகுவித்து, அவற்றுள் நல்லதை விரைவாகத் தேடுவதே கதிரூட்டிப் பயிர் வளர்க்கும் முறை.

ஊடுகதிர் மரபை மாற்றும் என்பதை 1927-இல் அமெரிக்கரான முல்லர் பழ ஈயில் மெய்ப்பித்தார். அதற்காக 1946-இல் நோபல் பரிசு பெற்றார். அதே காலத்தில் வாற்கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் அதனைக் காட்டியவர் சிடாட்லர். கும்பகோணத்தில் பிறந்த எம்.எசு. சாமிநாதன் தில்லியில் பணியாற்றிய காலத்தில், செந்நிறமாக இருந்த மெக்சிகோக் கோதுமைக்குக் கதிரூட்டி, நம் நாட்டார் விரும்பும் பொன்னிற மணியாக மாற்றிய 'சர்பதி சொனோரா' 1967-இல் வெளிவந்தது. மும்பைத் திராம்பேயிலுள்ள பாபா அணுவாய்வு நடுவம் நிலக்கடலை, உளுந்து முதலியவற்றில் இம்முறையால் அறுபதுக்கு மேற்பட்ட வகைகளை உழவர்க்கு வழங்கியுள்ளது. உலக அளவில் இவ்வாறு உருவான வகைகள் 3,400-க்கும் மேல்.

"கதிர் பட்ட விதை நஞ்சாகாதா?" என்று தாய்மார் அஞ்சலாம். மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுத்துக்கொண்டவர் உடம்பில் அக்கதிர் தங்கிவிடுவதில்லை. அதுபோன்றே விதையிலும் அது தங்குவதில்லை. இன்னொன்று: இம்முறையில் வேறோர் உயிரின் மரபணுவை எடுத்து இதனுள் புகுத்துவதும் இல்லை. தன் பாடத்தில் தன் எழுத்தே மாறுகின்றது, அவ்வளவே.

இனி, இதற்காக ஏன் விண்ணுக்குச் செல்ல வேண்டும் என்ற கேள்விக்கு வருகின்றேன். நம் தலைக்குமேல் காற்றுமண்டலம் என்னும் தடித்த போர்வை ஒன்று உண்டு. ஞாலத்தின் காந்தப்புலம் என்னும் வேலியும் உண்டு. இவை விண்கதிர்களிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. போர்வைக்கு வெளியே சென்ற விதை, அணுக்கருக்களின் தாக்குதலுக்கு உள்ளாகின்றது. அவற்றுட் பெரும்பாலானவை நீரக அணுவின் கருக்கள். நூற்றில் ஒன்று அளவில் இரும்பு போன்ற கனத்த கருக்களும் உண்டு. கனத்த கரு ஒன்று விதையைத் துளைத்துச் சென்றால், அது சென்ற வழியில் மரபணுவின் எழுத்துகள் கொத்தாகச் சிதைகின்றன. காமாக்கதிர் செய்யும் மாற்றத்தினும் அது வேறு வகையானது. அதனோடு எடையின்மையும் சேர்கின்றது. மண்ணில் கிடைக்காத வேறுபாடு விண்ணில் கிடைக்குமோ என்பதே அறிவியலாளரின் எதிர்பார்ப்பு.

இத்துறையில் முந்திச் சென்றது சீனம். 1987-இல் தொடங்கி, மீட்கத்தக்க செயற்கை நிலவுகளில் விதைகளை அனுப்பி மீட்டு வருகின்றது. 2006 செப்டம்பரில் இதற்கென்றே 'சிசியான்-8' என்னும் செயற்கை நிலவை ஏவி, 200 கிலோவுக்கு மேற்பட்ட விதைகளை அனுப்பியது. அம்முயற்சிகளின் விளைவாகப் பிறந்த 'லுயுவான் 502' என்னும் கோதுமை, அந்நாட்டில் மிகப் பரவலாகப் பயிராகும் வகைகளுள் ஒன்றாயிற்று. வறட்சியையும் நோயையும் தாங்கி முன்னை வகையினும் மிகுதியாக விளைகின்றது. அனைத்துநாட்டு அணுவாற்றல் முகமையும் உலக உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து, 2022 நவம்பர் 7ஆம் நாள் இரண்டு பயிர்களின் விதைகளை விண்வெளி நிலையத்திற்கு அனுப்பின. ஒன்று ஆய்வகத்துச் சிறுசெடி. மற்றொன்று நம் சோளம். 2023-இல் அவை மீண்டு, வியன்னாவுக்கு அருகிலுள்ள ஆய்வகத்தில் விதைக்கப்படும் பொருட்டு ஒப்படைக்கப்பெற்றன.

நம் நாட்டிலும் அது தொடங்கிவிட்டது. 2025 சூன் 25ஆம் நாள் சுபான்சு சுக்லா என்னும் வீரர் மற்ற மூவரோடு விண்வெளி நிலையத்திற்குப் புறப்பட்டு, சூலை 15ஆம் நாள் மீண்டார். அவரோடு சென்று திரும்பிய விதைகள் எவை தெரியுமா? கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆறு வகைகள்: சோதி, உமா என்னும் நெல் வகைகள், திலகதாரா என்னும் எள், சூர்யா என்னும் கத்தரி, வெள்ளாயணி விசய் என்னும் தக்காளி, கனகமணி என்னும் தட்டைப்பயறு. கருநாடகத்துத் தார்வாடு ஆய்வாளர்களோ பாசிப்பயற்றையும் வெந்தயத்தையும் அங்கே முளைக்கவைத்துப் பார்த்தனர். அண்டை மாநிலத்தார் தம் மண்ணின் விதையைத் தாமே தெரிந்து அனுப்பினர். அவர்களை வாழ்த்துகின்றேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியுமா? நம் கரிசலின் பயறு எங்கே? நம் குதிரைவாலி எங்கே? நம் மானாவாரிச் சோளம் எங்கே? மகேந்திரகிரியில் பொறி ஆய்வதும் நம் மண். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்பிரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்ற ஏவுதளம் எழுவதும் நம் மண். ஊர்தி செல்ல நிலம் தந்தவர்கள், அதில் ஏற ஒரு பிடி விதை தர வேண்டாவா?

உடனே சிலர், "வானத்து விதை வந்துவிட்டால் வறட்சி ஒழிந்துவிடும்" என்று மேடையேறி முழங்குவர். நான் அவ்வாறு கூறமாட்டேன். உண்மையை உள்ளவாறு சொல்கின்றேன். விண்வெளி நிலையத்தில் அரையாண்டு கிடந்த விதை பெறும் கதிரின் அளவு பத்திலொரு கிரேயையும் எட்டாது. பயறு வகைகளுக்கு ஆய்வகத்தில் ஊட்டப்பெறும் காமாக்கதிரோ இருநூறு, முந்நூறு கிரே. அளவால் பார்த்தால் ஆய்வகமே ஆயிரக்கணக்கான மடங்கு வலியது, செலவும் குறைவு. விண் தருவது அளவால் சிறிது, வகையால் வேறு. ஆகையால் விண்ணுக்கு அனுப்புவது ஒரு வழி. கதிரூட்டுவது மற்றொரு வழி. இனக்கலப்பு இன்னொரு வழி. 'விண்ணிலிருந்து வந்த விதை' என்று மினுக்கும் பொதியில் எழுதி எவனேனும் விற்க வந்தால், அவனிடம் ஏமாறாதீர்கள். விண்ணுக்குப் போய் வந்ததனாலேயே எந்த விதையும் உயர்ந்துவிடாது. அயல்நாடு போய் வந்தவனெல்லாம் அறிஞன் ஆகிவிடுகின்றானா?

பின் எங்கே அது உயர்கின்றது? இதுவே என் உரையின் உயிர்நிலை. விண்ணோ ஆய்வகமோ வேறுபாட்டை மட்டுமே தருகின்றன. நல்லதைத் தெரிந்தெடுப்பது நிலம். மீண்ட விதையை விதைத்தால் முதல் தலைமுறையில் மாற்றம் பெரிதும் புலப்படாது. அவற்றின் விதையை மீண்டும் விதைத்த இரண்டாம் தலைமுறையிலேதான் நெட்டையும் குட்டையும், முந்திப் பூப்பதும் பிந்திப் பூப்பதும் வெளிப்படும். ஆயிரக்கணக்கான செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பத்தோ இருபதோ தெரிந்து, மீண்டும் மீண்டும் விதைத்து, பண்பு நிலைத்த பின் பல ஊர்களில் விளைவித்துப் பார்த்தாக வேண்டும். எட்டாண்டும் பத்தாண்டும் செல்லும். அவ்வாண்டுகளில் அச்செடிகள் எங்கே நிற்கின்றன என்பதே கேள்வி. கிணற்றுநீர் பாயும் ஆய்வுத்தோட்டத்தில் நின்றால், தண்ணீர் குடித்து நன்றாக விளையும் செடியே தெரிந்தெடுக்கப்படும். வறட்சி தாங்கும் செடி கண்ணில் படாமலே களையோடு போகும். வறட்சியைத் தாங்கும் பயிரை வறட்சிதான் காட்டிக்கொடுக்கும். வெடித்துப் பிளக்கும் கரிசல்தான் அதற்குத் தேர்வுக்களம்.

நிலவுக்குக் கலம் அனுப்பு முன் அது இறங்கும் மண்ணைப் போன்ற மண்ணில் இறக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த மண் எங்கே கிடைத்தது? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில்! அப்பாறையைப் பொடித்துச் செய்த மண்ணில் ஆய்ந்த பின்னரே, 2023 ஆகத்து 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. நிலவை அறிய நாமக்கல் மண் வேண்டியிருந்தது என்றால், வறட்சியை அறியக் கரிசல் மண் வேண்டாவா? நாம் குறை என்று எண்ணி நாணிய மண், அறிவியலுக்கு ஓர் உரைகல். அவ்வுரைகல்லை வைத்திருப்பவர் நாம். ஆகவே கை ஏந்தி நிற்க வேண்டியதில்லை, உரிமையோடு கேட்கலாம். நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன்.

முதலாவது, 1901-இல் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி வேளாண் ஆய்வு நிலையமும் அருப்புக்கோட்டை ஆய்வு நிலையமும் இப்பணியில் சேர வேண்டும். இம்மண்ணின் தட்டைப்பயறும் உளுந்தும் சோளமும் குதிரைவாலியும் கதிரூட்டவும் விண்ணேற்றவும் தெரிந்தெடுக்கப்பெற வேண்டும். இரண்டாம் தலைமுறைச் செடிகளை ஆய்வு நிலையத்தில் மட்டுமின்றி, உழவரின் மானாவாரிக் காட்டிலும் நட்டு, உழவரையே உடனிருந்து தெரிந்தெடுக்கச் செய்ய வேண்டும். துணி கட்டும் உரிமை அப்பத்தாக்களுக்கும் வேண்டும்.

இரண்டாவது, விதை நம் கையை விட்டுப் போகலாகாது. 2001-இல் நிறைவேறிய பயிர்வகைக் காப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்படி, விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் உழவனுக்கு உரிமை உண்டு. வணிகப்பெயர் பொறித்த பொதியாக விற்பது ஒன்றே விலக்கு. தான் காத்துவந்த வகையைத் தன் பெயரில் பதிவு செய்யவும் அச்சட்டம் இடந்தருகின்றது. இவ்வூரில் எத்தனைபேர் இதனை அறிவீர்கள்? மக்கள் வரிப்பணத்தில் விண்ணேறிய விதை, மக்களுக்கே பொதுவாக இறங்க வேண்டும். நம் பயற்றை எடுத்துச் சென்று, ஈரெழுத்து மாற்றி, நமக்கே விலை வைத்து விற்கும் நிலை வருமானால், அவ்வறிவியலால் நமக்கு ஆவதொன்றில்லை.

மூன்றாவது, மொழி. கோவில்பட்டியில் பிறந்த சோளத்திற்கு 'கே 12' என்று பெயர்! ஊர்ப்பெயரின் தலையெழுத்தும் ஆங்கிலத்தில்! விதைப்பொதியின் மேல் உள்ள நாள், முளைப்புத்திறன், தூய்மை ஆகியவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாத உழவன் எதை நம்பி விதைப்பான்? இது மொழிப்பற்றை மட்டும் பற்றிய பேச்சன்று. வயிற்றைப் பற்றிய பேச்சு. தன் மொழியில் பெயரிடப்பட்ட விதையைத்தான் மக்கள் தமதென்று காப்பர். தன் மொழியில் எழுதப்பட்ட ஆய்வைத்தான் அவர்கள் வினவுவர். புது வகைக்குத் தமிழ்ப்பெயர் இடுக! ஆய்வின் முடிவைத் தமிழில் எழுதி ஊர்தோறும் தருக! தோல்வியையும் எழுதுக!

நான்காவது, பள்ளிகள். 1984-இல் அமெரிக்கர் ஒரு கோடிக்கு மேற்பட்ட தக்காளி விதைகளை விண்ணில் விட்டனர். 1990-இல் அவற்றை மீட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளித்தனர். வானேறிய விதையையும் ஏறாத விதையையும் பக்கம்பக்கமாக நட்டு, அப்பிள்ளைகள் அளந்து எழுதினர். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாத்தி நிலமும் ஓர் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் போதாவா? வானேறிய விதை வரும்வரை காத்திருக்க வேண்டா. நாளையே வீட்டுக்கு ஒரு பிடி பழைய விதை கொண்டு வாருங்கள். இருபது வீட்டுப் பயற்றை இருபது சாலில் விதையுங்கள். எது முதலில் பூத்தது, எது நீரின்றி எத்தனை நாள் நின்றது என்று எழுதுங்கள். அக்குறிப்பேடு ஒருநாள் ஆய்வு நிலையத்தின் கதவைத் தட்டும்.

தோழர்களே! இந்த ஊரில் ஒரு தாய் விடியலில் எழுந்து, சோற்றைக் கட்டிக்கொண்டு, மருந்து செலுத்தும் கொட்டகைக்குச் செல்கின்றாள். மாலையில் அவள் மீளும்வரை வீட்டிலுள்ளோர் வானத்தைப் பார்ப்பதில்லை. எத்திசையில் புகை எழுகின்றது என்றே பார்க்கின்றனர். அவளுக்கு இரண்டு ஏக்கர் கரிசல் உண்டு. அது தரிசாகக் கிடக்கின்றது. மழை தவறிய ஆண்டிலும் அந்நிலம் நான்கு மூட்டைப் பயறு தருமானால், "இன்று மருந்தின் நிலை சரியில்லை; நான் உள்ளே வரமாட்டேன்" என்று சொல்லும் துணிவு அவளுக்கு வரும். எட்டு விதைகள் வானத்தில் முளைத்ததன் பயன் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றது. அச்சொல் அவள் வாயில் பிறக்கும்வரை நம் அறிவியல் முழுமை பெறவில்லை.

நீங்கள் செய்த வாணங்கள் நாடெங்கும் இரவை ஒளியாக்கியிருக்கின்றன. அவை மேலே சென்று நொடியில் கரிந்து போயின. இனி நாம் விடும் வாணத்தில் விதை ஏறட்டும். அது கரியாமல் மீளட்டும். மீண்ட அவ்விதையை இக்கரிசல் தெரிந்தெடுக்கட்டும். தெரிந்தெடுத்ததற்குத் தமிழ் பெயரிடட்டும். அதுவரை, குலுக்கையில் மீந்திருக்கும் பழைய பயற்றை எறிந்துவிடாதீர்கள். வானம் திருத்தித் தரவேண்டிய முதற்பாடம் அதற்குள்தான் இருக்கின்றது.